வெளி மானிட்டர் விட்டுவிட்டு அணைகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

மடிக்கணினியோடு இணைத்த மானிட்டர் அடியோடு வேலை செய்யாமல் போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நொடி கறுத்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும் மானிட்டர்தான் நம்மைச் சோதிக்கும். சரிபார்க்க உட்காரும்போது அது நன்றாகவே இருக்கும். அதை மறந்து வேலையில் ஆழ்ந்ததும் அணையும். பொறுமை இழந்த பலர் புதிய கேபிள் வாங்குவது, டிரைவர் என்ற இயக்கு மென்பொருளைப் புதுப்பிப்பது, மானிட்டரின் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவது ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் செய்துவிடுகிறார்கள். அதன்பின் சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் எது காரணமல்ல என்றுகூடச் சொல்ல முடியாது. மானிட்டர் எப்படி அணைகிறது என்பதைவிட எப்போது அணைகிறது என்பதே காரணத்தை அதிகம் காட்டிக்கொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை அணையும்போதும் நேரத்தையும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் இரண்டு நாட்கள் குறித்து வாருங்கள். கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது அந்தத் தாள் பயன்படும்.

படம் மானிட்டரை அடையும் பாதை

கிராபிக்ஸ் சிப்பிலிருந்து புறப்படும் படம், மடிக்கணினியின் போர்ட், கேபிள், இடையில் இருந்தால் அடாப்டர் அல்லது ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக விரிக்கும் பெட்டி), மானிட்டரின் உள்ளீட்டுப் போர்ட், அதற்குள் இருக்கும் மின்சுற்று ஆகியவற்றைக் கடந்து கண்ணாடியில் தெரிகிறது. ஆனால் கேபிளில் ஓடுவது படம் மட்டுமல்ல. எச்டிஎம்ஐ இணைப்பியில் உள்ள 19 முனைகளில் ஒன்று, மறுமுனையில் மானிட்டர் இருக்கிறதா என்பதை அறிவிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை ஹாட் பிளக் முனை என்பார்கள். வேறு இரண்டு முனைகள் வழியாக, மானிட்டர் தன்னைப் பற்றிய குறிப்பை, அதாவது எந்தத் தெளிவுத்திறன், எந்தப் புதுப்பிப்பு வீதம் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும் என்பது) தனக்கு ஏற்கும் என்ற விவரத்தைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. இடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட் அளவுடையது. டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இதே வேலை வேறு கம்பிகளில் நடக்கிறது. அதோடு, இணைத்தவுடன் எவ்வளவு வேகத்தில் பிழையின்றி அனுப்ப முடியும் என்று இரு முனைகளும் சோதித்து உடன்படும் லிங்க் டிரெய்னிங் என்ற கட்டமும் உண்டு.

இந்த அறிமுகப் பேச்சு ஒரு கணம் அறுந்தாலும் முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். மில்லிநொடி நேரமே நீடித்த ஒரு தடங்கலுக்குத் திரை இரண்டு மூன்று நொடி கறுத்துக் கிடப்பது இதனால்தான். கறுத்திருக்கும் நேரத்தின் நீளத்தை வைத்துக் கோளாறின் தீவிரத்தை அளக்க வேண்டாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, மடிக்கணினியின் சொந்தத் திரையும் அதே கணத்தில் கறுக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து கறுத்தால் கேபிளைத் தொடவே வேண்டியதில்லை. கிராபிக்ஸ் டிரைவர் அல்லது சிப்பின் பக்கம்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் மெனுவைத் திரையில் வரவழைத்து, அது அணையும்வரை காத்திருங்கள். மெனு தானாக மறைந்துவிடாமல் இருக்கும் நேரத்தைப் பெரும்பாலான மானிட்டர்களில் நீட்டிக்கொள்ளலாம். பின்னால் உள்ள படம் துள்ளியபோதும் மெனு அசையாமல் தெளிவாக நின்றால், மானிட்டரின் பேனலும் பின்னொளியும் நலமாக இருக்கின்றன, வந்துசேரும் சிக்னலில்தான் குறை. மெனுவும் சேர்ந்து துடித்தாலோ மங்கினாலோ, அல்லது மின்விளக்குக் குறியே அணைந்து எரிந்தாலோ, குறை மானிட்டருக்குள்ளோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. சிக்னல் முழுவதுமாக அறுபடும்போது சில மானிட்டர்கள் மெனுவையும் மறைத்துவிடும் என்பதால், கறுக்கும் கணத்தைவிட துடிப்பும் துள்ளலும் நிகழும் கணங்களில் இந்தச் சோதனை நம்பகமானது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கேபிள் வாங்கக் கிளம்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, திரை கறுக்கும்போது ஒரு சாதனத்தைப் பிடுங்கியது போன்ற ஒலி கேட்கிறதா, திறந்திருந்த சாளரங்கள் மடிக்கணினித் திரைக்குத் தாவுகின்றனவா என்று கவனியுங்கள். தாவினால் ஹாட் பிளக் கம்பியே அறுபட்டிருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை மானிட்டர் அந்தக் கணம் அங்கே இல்லை. சாளரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கண்ணுக்கு மட்டும் திரை கறுத்தால் இணைப்பு நிற்கிறது, ஆனால் படத்தின் தரவு பிழைபட்டு மானிட்டரால் அதைத் தொடர முடியவில்லை. முதல் வகை பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு, மின்சாரம் குறைந்த ஹப், மானிட்டரின் தூக்கநிலை ஆகியவற்றால் வருகிறது. இரண்டாம் வகை கேபிளின் தரத்தாலும் வேகத்தாலும் வருகிறது. விண்டோஸ் 11இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு இருப்பதால், அவை தாவித் திரும்பியதையே நீங்கள் காணாமல் போகலாம். சோதனை முடியும்வரை அந்தத் தெரிவை நீக்கி வையுங்கள்.

அறிகுறி: ஓரிரு நொடி கறுத்து, தானே திரும்புகிறது

அதிகம் பேர் சந்திக்கும் அறிகுறி இதுதான். காரணங்கள் மிகுதியாக இருப்பதும் இதற்குத்தான். முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். விண்டோஸில் காட்சி அமைப்புகளுக்குள் மேம்பட்ட காட்சி என்ற பகுதியில் புதுப்பிப்பு வீதத்தை மாற்றலாம். மேக்கிலும் லினக்ஸிலும் திரை அமைப்புகளிலேயே இது கிடைக்கும். 4கே மானிட்டரில் 60 ஹெர்ட்ஸை 30 ஆக்குங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஆக்குங்கள். அப்படியே ஒரு நாள் வேலை செய்யுங்கள். மவுஸ் சுட்டியின் அசைவு உறுத்தலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கறுப்பது முற்றிலும் நின்றுவிட்டால், பாதையில் ஏதோ ஓர் இடம் அதிக வேகத்தைத் தாங்கவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. நிற்கவில்லை என்றால் கேபிளின் மீதுள்ள சந்தேகம் குறைகிறது.

இது ஏன் இவ்வளவு தெளிவான சோதனை என்பதை எண்களே சொல்லும். 1920 க்கு 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையை 60 ஹெர்ட்ஸில் இயக்க நொடிக்கு ஏறத்தாழ 3.6 கிகாபிட் தரவு போதும். எச்டிஎம்ஐ வழியில் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, குறியீட்டுச் சுமையையும் சேர்த்து 17.8 கிகாபிட் வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தின் உச்சம் 10.2 கிகாபிட், 2013இல் வந்த 2.0 தரத்தின் உச்சம் 18 கிகாபிட். ஆக, 4கே 60 ஹெர்ட்ஸ் என்பது 2.0 இணைப்பின் விளிம்பிலேயே ஓடுகிறது. பழைய முழு எச்டி மானிட்டரில் ஆண்டுக்கணக்காகக் குறையின்றி உழைத்த ஒரு கேபிள், புதிய 4கே மானிட்டரில் தடுமாறுவது இதனால்தான். அந்தக் கேபிள் கெட்டுப்போகவில்லை. அதன் தகுதிக்கு மேற்பட்ட வேலை அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கேபிளை மாற்றுவதென்று முடிவானால், அதன் மேலுறையில் பதிப்பெண்ணைத் தேடுவதைவிட, சான்றிதழ் வகையைத் தேடுவது சரி. பிரீமியம் ஹை ஸ்பீட் என்ற வகை 18 கிகாபிட்டுக்கும், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற வகை 48 கிகாபிட்டுக்கும் சோதிக்கப்பட்டவை. நீளம் கூடக் கூடச் சிக்னல் தேய்கிறது; மேசைமேல் இருக்கும் மானிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதுமென்றால் ஐந்து மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைக்க எந்தத் தேவையும் இல்லை. இரண்டு கேபிள்களை ஒரு சிறு இணைப்பானால் ஒட்டி நீட்டியிருந்தால், முதலில் அந்த ஒட்டை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

வேகத்தைக் குறைத்தும் கறுப்பது நிற்கவில்லையா? இப்போது குறிப்புத்தாளைப் பாருங்கள். மின்விசிறி, மோட்டார், குளிர்சாதனப் பெட்டி போன்றவை இயங்கத் தொடங்கும் கணத்தில் கறுக்கிறது என்றால், மின்வழியிலோ காற்றிலோ வரும் மின்காந்தத் துடிப்பு சிக்னலைக் கெடுக்கிறது. மானிட்டருக்கு வேறு மின்செருகி கொடுத்து, காட்சிக் கேபிளை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி ஓட்டுங்கள். செருகியின் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்பதை ஒரு மின்பணியாளரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது, மானிட்டருக்காக மட்டுமல்லாமல் உங்கள் பாதுகாப்புக்காகவும் தேவையானது.

நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ மட்டும் திரை கறுக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வாயு நிரப்பிய உருளையால் உயரும் அலுவலக நாற்காலிகளில், எடை ஏறும்போதும் இறங்கும்போதும் நிலைமின்சாரம் திடீரென வெளியேறி ஒரு மின்காந்தத் துடிப்பை உண்டாக்கக்கூடும்; காப்புறை சரியில்லாத கேபிள் அதை ஆன்டெனாபோல் வாங்கிக்கொள்கிறது. நன்றாகக் காப்பிடப்பட்ட குட்டையான கேபிளும், கேபிளின் முனையருகே மாட்டும், மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும் இதற்குப் பெரும்பாலும் போதும். வறண்ட நாட்களில் இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும்.

திரைப்படம் ஓடத் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ஒருமுறை கறுத்தால், அது எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு இயங்கி விலகுவதால் இருக்கலாம். முழுத்திரை விளையாட்டைத் திறக்கும்போது கறுத்தால், தெளிவுத்திறனோ, ஒளி-இருள் வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் நிலையோ மாறுகிறது. இவை இரண்டும் கோளாறுகள் அல்ல.

அறிகுறி: தொட்டால் அணைகிறது

மேசை ஆடும்போது, மடிக்கணினியை நகர்த்தும்போது, திரையின் கோணத்தை மாற்றும்போது அணைந்தால் குறை இணைப்பு முனைகளில் இருக்கிறது. கேபிளின் இரு முனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, மிக இலேசாக, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். எந்த முனையை அசைத்தால் படம் போகிறதோ அந்த முனையை நினைவில் வைத்து, கேபிளைத் தலைகீழாக மாற்றிச் செருகுங்கள், அதாவது கணினியில் இருந்த முனை மானிட்டருக்கும் மானிட்டரில் இருந்தது கணினிக்கும் போகட்டும். குறை கேபிளோடு சேர்ந்து இடம் மாறினால் கேபிள் முனை பழுது. குறை அதே போர்ட்டில் நின்றால் போர்ட் பழுது. சிக்னலைப் பெருக்கும் சிப் பொருத்திய கேபிள்களில் எந்த முனை எந்தப் பக்கம் என்று குறித்திருப்பார்கள்; அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

எச்டிஎம்ஐ இணைப்பி வெறும் உராய்வால் மட்டுமே நிற்கிறது, பிடித்துக்கொள்ளும் கொக்கி அதற்கு இல்லை. மேசையின் விளிம்பிலிருந்து தொங்கும் கனமான கேபிள், நாள்தோறும் போர்ட்டைக் கீழ்நோக்கி இழுத்து, உள்ளே பற்றவைத்த இடங்களைத் தளர்த்திவிடும். கேபிளை மேசையோடு ஒரு பட்டையால் கட்டி, போர்ட்டின் மேல் எடை விழாமல் செய்வது, எதுவும் பழுதாகாத நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. யுஎஸ்பி-சி போர்ட்டில் இறுக்கம் குறைந்திருந்தால், உள்ளே சேர்ந்த பஞ்சும் தூசியும் முனையை முழுதாக உள்ளே போகவிடாமல் தடுப்பது பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. கணினியை அணைத்து, மரத்தாலான மெல்லிய குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். உலோக ஊசி வேண்டாம்.

அறிகுறி: படத்தில் மின்னும் புள்ளிகள், கோடுகள், பனிபோல் தூவல்

வெள்ளையாகவோ வண்ணமாகவோ சிறு புள்ளிகள் கணப்பொழுது மின்னி மறைவது, குறிப்பாகக் கருமையான பின்னணியில் தெரிவது, அறுபடுவதற்கு முந்தைய நிலை. எச்டிஎம்ஐ 2.0 வரையிலான தரங்களில் வழியில் கெட்டுப்போன படத்தரவைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. தவறாக வந்த புள்ளி தவறாகவே காட்டப்படுகிறது. பிழைகள் கூடும்போது திரை கறுக்கிறது. இதற்கு மேலே சொன்ன வேகக்குறைப்புச் சோதனையும் நல்ல கேபிளுமே மருந்து.

ஆனால் படம் முழுவதும் ஒளி கூடிக் குறைவதைப்போல் இருண்ட காட்சிகளில் மட்டும் துடித்தால், அது வேறு. புதுப்பிப்பு வீதம் படத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் அடாப்டிவ் சிங்க் வசதி இயங்கும்போது, விஏ, ஓஎல்இடி வகைப் பேனல்களில் இந்தத் துடிப்பு தெரிவதுண்டு. மானிட்டர் மெனுவில் அந்த வசதியை நிறுத்திப் பாருங்கள். பழைய விஜிஏ இணைப்பில் படம் நடுங்குவதும் எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் விழுவதும் அனலாக் சிக்னலின் இயல்பான பலவீனங்கள்; மானிட்டரின் தானியங்கிச் சரிசெய்தலை ஒருமுறை இயக்கிவிட்டு, முடிந்தால் டிஜிட்டல் இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: யுஎஸ்பி-சி ஹப் அல்லது டாக் வழியாக இணைத்தால் மட்டும் நிலையில்லை

நான் அதிக நேரம் இழந்தது இந்த வகையில்தான். ஒரு ஹப்பின் வழியாக இணைத்திருந்த மானிட்டர் நாளுக்கு நான்கைந்து முறை அறுபட்டது. இரண்டு எச்டிஎம்ஐ கேபிள்களை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், பலனில்லை. நேரத்தைக் குறிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள்தான், அதே ஹப்பில் செருகியிருந்த வெளி வன்தட்டு ஓய்விலிருந்து சுழலத் தொடங்கும் கணங்களில் மட்டும் திரை போவது தெரிந்தது. தட்டு சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தால் ஹப்பின் மின்னழுத்தம் இறங்கி, அதற்குள் இருந்த காட்சி மாற்றிச் சிப் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. வன்தட்டை மடிக்கணினியின் வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் தொல்லை நின்றது.

ஆகவே ஹப் இருந்தால் முதல் வேலை, மானிட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டு அரை நாள் பார்ப்பது. அப்போது சரியாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஹப்பின் வழியாகவே மடிக்கணினிக்கு மின்னேற்றுகிறீர்கள் என்றால், மின்னேற்றியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் திரை ஒருமுறை கறுப்பது பல ஹப்களில் இயல்பு. மின்சாரம் எந்தத் திசையில் பாய வேண்டும் என்று இரு பக்கமும் மீண்டும் பேசி முடிவு செய்வதால் அப்படி நிகழ்கிறது. எதையும் தொடாமலிருக்கும்போது அப்படிக் கறுத்தால் மின்னேற்றியின் திறன் போதவில்லையா என்று பாருங்கள். ஹப் தனக்கென்று சில வாட் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கணினிக்குத் தரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹப் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகே சிக்கல் தொடங்கினால், அதைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அந்த ஹப்பை மாற்றுவதே வழி.

4கே மானிட்டருக்கு ஹப்பில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே கிடைக்கிறது என்ற குறை பெரும்பாலும் பழுதல்ல. யுஎஸ்பி-சி கேபிளில் அதிவேகப் பாதைகள் நான்கு உண்டு. ஹப்பில் வேகமான யுஎஸ்பி போர்ட்டுகளும் இருக்குமானால் அவற்றுக்கு இரண்டு போக, காட்சிக்கு இரண்டுதான் மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதைகளில் பயனுள்ள தரவாக 8.64 கிகாபிட் மட்டுமே செல்லும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதாது, 30 ஹெர்ட்ஸுக்குப் போதும். கணினியும் ஹப்பும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தை ஏற்றால் அதே இரண்டு பாதைகளில் 12.96 கிகாபிட் கிடைத்து 60 ஹெர்ட்ஸ் சாத்தியமாகிறது. வாங்குமுன் இதைப் பாருங்கள்.

கேபிளின் வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லா யுஎஸ்பி-சி கேபிளும் ஒன்றல்ல. கைபேசிக்கு மின்னேற்றத் தரப்படும் கேபிள்களில் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே உள்ளன. அதிவேகப் பாதைகளே இல்லாததால் படம் வரவே வராது. அதுபோல மடிக்கணினியில் உள்ள எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டுகளும் காட்சியைத் தருவதில்லை. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு அல்லது தண்டர்போல்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக் எனப்படும் பெரிய ஹப்களில் சில, டிஸ்ப்ளேலிங்க் என்ற முறையில், படத்தை மென்பொருளால் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புகின்றன. அவற்றில் மானிட்டர் அறுபட்டால் காட்சிக் கேபிளைவிட அந்த முறைக்குரிய தனி டிரைவரும், யுஎஸ்பி போர்ட்டுகளை மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பும் மின் அமைப்புமே முதல் சந்தேகத்துக்குரியவை.

அறிகுறி: தூக்கநிலையிலிருந்து எழுந்தபின் மானிட்டர் வருவதில்லை

கணினி விழித்து, மானிட்டர் எங்கே என்று கேட்கும்போது மானிட்டர் இன்னும் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால் பதில் வராது. பிறகு மானிட்டர் விழித்தாலும் கணினி மறுபடி கேட்பதில்லை. விண்டோஸில், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் வேலைக்கு ஒன்றும் ஆகாது. திரை ஒருமுறை சிமிட்டி மானிட்டர் வந்துவிட்டால், கேபிளில் குறையில்லை, இந்த விழிப்பு வரிசையில்தான் குறை என்று தெளியலாம். மேக்கில் திரை அமைப்புகளைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால், திரைகளைக் கண்டறியும் பொத்தான் தோன்றும்.

நிலையான தீர்வு மானிட்டரின் மெனுவில் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் என்ற பொருள்படும் அமைப்பை அணைத்துவிடுங்கள். உள்ளீட்டைத் தானாகத் தேடும் அமைப்பையும் நிறுத்தி, நீங்கள் பயன்படுத்தும் போர்ட்டையே நிலையாகத் தேர்ந்தெடுங்கள்; தேடிக்கொண்டே சுற்றும் மானிட்டர், கணினி சிக்னல் அனுப்பும் கணத்தில் வேறொரு போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். மானிட்டர் எதற்கும் அசையாமல் சிக்கிக்கொண்டால், மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுவிட்டுச் செருகுங்கள். முன்பக்கப் பொத்தானால் அணைப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் அப்போதும் உள்ளே ஒரு பகுதி விழித்தே இருக்கிறது.

விண்டோஸைப் பற்றி இன்னொன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியை ஷட் டவுன் செய்தால், இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்தமுறை அப்படியே ஏற்றப்படுகிறது. குழம்பிய டிரைவர் குழம்பியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும், கணினியை அணைத்த பிறகும் மானிட்டர் விசித்திரமாக நடந்துகொண்டால் 20ஆம் முனையைச் சந்தேகியுங்கள். அடாப்டர்களுக்கு 3.3 வோல்ட் தருவதற்காக உள்ள அந்த முனையை, கணினியையும் மானிட்டரையும் நேரடியாக இணைக்கும் கேபிளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கக் கூடாது என்பதே விதி. விதி மீறிச் செய்த கேபிள்களில் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, கணினி தொடங்க மறுப்பது வரை தொல்லை வரும். அத்தகைய கேபிளைப் பயன்படுத்தாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அறிகுறி: மானிட்டர் கண்டறியப்படவே இல்லை, அல்லது இரண்டாவது மானிட்டர் வருவதில்லை

அடாப்டரின் திசையைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐ கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்கு அதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. மடிக்கணினியின் திறனுக்கும் எல்லை உண்டு. 2020இல் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஆதரிக்கிறது. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் வழியில் பல மானிட்டர்களைப் பிரித்துத் தரும் எம்எஸ்டி ஹப்பை மேக்கில் செருகினால், இரண்டிலும் ஒரே படம்தான் வரும். இவற்றுக்கு எந்தக் கேபிளும் தீர்வாகாது.

அறிகுறி: புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கியது, அல்லது இரு திரைகளும் சேர்ந்து கறுக்கின்றன

விண்டோஸில் கிராபிக்ஸ் சிப் ஏறத்தாழ இரண்டு நொடி பதிலளிக்காமல் போனால், இயங்குதளம் டிரைவரைத் தானே மீண்டும் தொடங்கிவிடும். அப்படி நிகழ்ந்திருந்தால் நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருக்கும். உங்கள் தாளில் உள்ள நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், சாதன மேலாளரில் கிராபிக்ஸ் சாதனத்தின் பண்புகளைத் திறந்து முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ போர்ட் ஒரு சிப்போடும் யுஎஸ்பி-சி போர்ட் இன்னொன்றோடும் இணைந்திருக்கக்கூடும். ஒரு போர்ட்டில் மட்டும் சிக்கல் என்றால் எந்தச் சிப்பின் டிரைவரைத் தொட வேண்டும் என்பதற்கு அதுவே குறிப்பு. அந்த இடத்தில் மறுபோர்ட்டைப் பயன்படுத்துவது தற்காலிக விடிவும் ஆகும். டாக், மானிட்டர், கணினியைத் தொடக்கும் பயாஸ் ஆகியவற்றின் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புகளையும் தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் தேடுங்கள்.

மானிட்டரே காரணமாக இருந்தால்

காட்சிக் கேபிளை மானிட்டரிலிருந்து எடுத்துவிட்டு மின்சாரத்தோடு மட்டும் விட்டுவிடுங்கள். சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு திரையில் நிற்கும் நேரத்தில் அது துடித்தாலோ, ஒளி அணைந்து எரிந்தாலோ, கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளியே தனி அடாப்டர் கொண்ட மானிட்டர் என்றால், அதே வோல்ட்டும் போதிய ஆம்பியரும் அதே முனைத்துருவமும் கொண்ட இன்னொரு அடாப்டரால் சோதிப்பது எளிது. மலிவாக முடியும் பழுதும் அதுதான். மின்வழங்கி உள்ளேயே இருக்கும் மானிட்டர்களைத் திறக்க வேண்டாம். பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

கேபிள், ஹப், டிரைவர், மானிட்டர் நான்கும் குற்றமற்றவை என்று ஆகி, வேறொரு கணினியோடு அதே கேபிளும் மானிட்டரும் நாள் முழுவதும் நிலையாக ஓடினால், எஞ்சியிருப்பது மடிக்கணினியின் போர்ட் அல்லது அதன் பின்னால் உள்ள தாய்ப்பலகை. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது உங்கள் குறிப்புத்தாளையும், குறையைக் காட்டிய அதே கேபிளையும், எந்தத் திசையில் அசைத்தால் படம் போகிறது என்பதைக் காட்டும் ஒரு சிறு காணொளியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அவருடைய மேசையில் இருக்கும் இறுக்கமான புதிய கேபிளில் அந்தத் தளர்ந்த போர்ட் ஒருமணி நேரம் நன்றாகவே வேலை செய்யக்கூடும்.